தாய்க்கு ஒரு கச்சை!

குழந்தை பிறந்த வீட்டுக்குள் நுழைகிறோம். உற்றார் வருகிறார்கள், உறவினர் வருகிறார்கள், தெருக்கோடியில் இருப்பவரும் எட்டிப் பார்க்கிறார். எல்லோரும் எங்கே போய் நிற்கிறார்கள்? தொட்டிலருகே! மூக்கு யாரைப் போல, முழி யாரைப் போல என்று வழக்காடுகிறார்கள். சட்டை வருகிறது, சங்கிலி வருகிறது, கிலுகிலுப்பை வருகிறது. அத்தனையும் தொட்டிலுக்கு! தொட்டிலுக்கு நாலு முழம் தள்ளி ஒரு கட்டில் கிடக்கிறதே, அதிலே ஒருத்தி படுத்திருக்கிறாளே, எழுந்து உட்காரக் கையை ஊன்றிப் பல்லைக் கடிக்கிறாளே, அவளுக்கு என்ன கொண்டு வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா!" என்று பதில் வரும்.

நாமும் கேட்காமல் இருந்தவர்களிலே ஒருவர்தாம். மறைப்பானேன்! திருப்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோதுதான் அந்தக் கேள்வி நம்மைக் கேட்டது.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை, 15 வேலம்பாளையத்தில் ஒரு தோழரின் வீட்டுக்குப் போயிருந்தோம். லைன் வீடு. ஒரே அறை, ஒரே சன்னல். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். பனியன் கம்பெனியிலே சிங்கர் டெய்லர். அவருடைய துணைவியார் அதே தொழிலில் செக்கிங் வேலை பார்த்தவர். அறுவை செய்து பிள்ளை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து தாயார் வந்தார், பத்து நாள் இருந்தார், காட்டு வேலை அழைக்க, கண்ணீரோடு திரும்பினார். பெற்றவள் தனியே, பிள்ளையோடு.

நம்மைக் கண்டதும் அந்தச் சகோதரி எழுந்திருக்க முயன்றார். வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட் நடுவிலே மடிந்து கயிறுபோலச் சுருண்டு, சரியாகத் தையல் போட்ட இடத்திலே பதிந்தது. "ஆ" என்று உட்கார்ந்துவிட்டார். தோழர் தலையைக் குனிந்துகொண்டார். "மருந்துக் கடையிலே வாங்கினேண்ணே. ஆயிரத்துக்குப் பக்கத்திலே ஆச்சு. உள்ளே வேர்க்குரு, மேலே அரிப்பு. கட்டினாலும் வேதனை, கழற்றினாலும் வேதனை" என்றார்.

அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தோம். கொடியிடையாள் ஒருத்தி படத்திலே சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற களை அவள் முகத்திலே கடுகளவும் இல்லை. பெட்டியைத் திருப்பினோம். செய்த நாடு சீனம் என்றிருந்தது!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். எந்த ஊரிலே இது? உலகத்துக்கே உள்ளாடை தைத்துக் கொடுக்கும் ஊரிலே! 1920களில் கையால் சுற்றும் பின்னல் இயந்திரத்தோடு பனியன் தொழிலைத் தொடங்கி, 1970களின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகளை வரவழைத்து, இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையில் பாதிக்கு மேல் தானே அனுப்புகிற ஊரிலே! 2024–25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குச் சரக்கு அனுப்பிய ஊரிலே! ஐரோப்பாவில் பிறக்கும் குழந்தைக்கு இங்கே சட்டை தைக்கிறார்கள். அமெரிக்காவில் கருவுற்றவளுக்கு இங்கே கவுன் தைக்கிறார்கள். தைக்கிறவள் பிள்ளை பெற்றால், அவள் இடுப்புக்குக் கட்ட இந்த ஊரிலே ஒரு முழம் ஒழுங்கான துணி இல்லை.

"இதை நம் ஊரிலே தைக்க முடியாதா?" என்று கேட்டோம். தோழர் நிமிர்ந்தார். "முடியாதது என்னண்ணே இருக்கு? யாரும் கேட்கலை, நாங்க தைக்கலை!" என்றார்.

அன்று மாலையே நம்மை ஒரு பேட்டர்ன் மாஸ்டரிடம் அழைத்துப் போனார். கொங்கு மண்ணின் மனிதர், முப்பதாண்டு கத்தரி பிடித்த கை. விஷயத்தைச் சொன்னோம். "ஏனுங்கண்ணா, எங்க ஆத்தா பழைய வேட்டியைக் கிழிச்சு எங்க அக்காளுக்குக் கட்டுவாங்களே, அதைத்தானுங்க கேக்கறீங்க?" என்றார். ஆம், அதைத்தான் கேட்டோம்!

பழைய வேட்டி! நூறு முறை துவைத்துத் துவைத்து நைந்து, பூப்போல மெத்தென்று ஆன பருத்தி. புது வேட்டியை ஏன் கிழிக்கவில்லை? கஞ்சி இருக்கும், முரடாக இருக்கும், வியர்வையை வாங்காது. நம் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகவில்லை, ஆனால் துணியின் குணம் அவர்களுக்குத் தெரியும். மருத்துவச்சி வந்து, இடுப்பெலும்புக்கு மேலிருந்து சுற்றத் தொடங்கி, மூச்சு விடச் சொல்லிப் பார்த்து, முடிச்சைப் பக்கவாட்டில் போடுவாள். நம் நாட்டில் மட்டுமல்ல, மலாய் நாட்டிலே நீண்ட துணியைப் பெங்குங் என்று சுற்றுகிறார்கள். ஜப்பானிலே கருவுற்ற ஐந்தாம் மாதம் சராசி என்னும் வெள்ளைப் பருத்தித் துணியைக் கட்டுவது வழக்கம். மெக்சிகோவின் மருத்துவச்சிகள் ரெபோசோ என்னும் மேல்துணியால் இடுப்பை இறுக்குகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் உல்ம் நகரத்து அறுவை மருத்துவர் ஸ்குல்டெட்டஸ் என்பவரின் பெயரால், பல வால்களைக் கொண்ட வயிற்றுக் கட்டு ஒன்று ஐரோப்பிய மருத்துவமனைகளிலே நெடுங்காலம் வழங்கிற்று. மொழி வேறு, நாடு வேறு. பெற்ற வயிறு எங்கும் ஒன்றுதானே!

அப்படியானால் பழைய வேட்டியே போதுமே, பெல்ட் எதற்கு என்று கேட்பீர்கள். கட்டுகிற கை எங்கே, தோழர்களே? வேட்டியைச் சுற்ற இன்னொருத்தி வேண்டும். பெற்றவள் படுத்துக்கொண்டு தானே சுற்றிக்கொள்ள முடியாது. தேனியிலிருந்தும், மதுரையிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீட்டிலே குடியிருப்பவளுக்கு ஏது மருத்துவச்சி? பத்தாம் நாள் பேருந்து ஏறிவிடுகிறாள் தாய். கணவன் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வருவான். ஒற்றைக் கையால் கட்டி, ஒற்றைக் கையால் கழற்றக் கூடியது வேண்டும். கையாள் இல்லாதவளுக்குக் கச்சை வேண்டும்!

இன்னொன்றும் மாறியிருக்கிறது. பாட்டி காலத்திலே அறுவை மகப்பேறு அரிது. இன்று? 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் நூறு மகப்பேற்றில் ஏறத்தாழ 45 அறுவை என்று கூறுகிறது. தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுமைக்கும் 21 அல்லது 22 தான். இந்த எண்ணிக்கை ஏன் இப்படி ஏறிற்று என்று கேட்க வேண்டிய கேள்வி தனியே இருக்கிறது, இன்னொரு நாள் கேட்போம். இன்று நம் கண்ணெதிரே இருப்பது, தோல், கொழுப்பு, உறை, கருப்பை என்று அடுக்கடுக்காக அறுத்துத் தைக்கப்பட்ட வயிறு. அந்த வயிற்றோடு அவள் இருமவேண்டும், எழவேண்டும், பிள்ளையைத் தூக்கவேண்டும். காலில் இரத்தம் உறையாதிருக்க ஒரு நாளுக்குள் நடக்கவேண்டும் என்று மருத்துவரும் சொல்கிறார்.

இந்த இடத்திலேதான் கச்சை உதவுகிறது. தையலைத் தாங்கிப் பிடிக்கிறது, இருமும்போது வயிறு குலுங்காமல் அணைக்கிறது. அறுவைக்குப் பின் கட்டிக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. பெரிய வேறுபாடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. உள்ளதைச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெட்டியிலே சிரித்தாளே ஒரு கொடியிடையாள், அவள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்! கச்சை தொந்தியைக் கரைக்காது. பிள்ளை பிறந்தவுடன் ஒரு கிலோ எடை இருக்கும் கருப்பை, ஆறு வாரத்திலே எழுபது கிராமுக்குச் சுருங்குகிறது. சுருக்குவது பெல்ட் அல்ல, உடம்புக்குள் ஊறும் சுரப்புநீர். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் துணை. நடு வயிற்றிலே விலகிப்போன தசைகள் நெருங்கி வரக் காலமும் பயிற்சியும் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ, வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் கீழே இறங்குகிறது. பிள்ளை வந்த பாதையைத் தாங்கும் அடித்தசை ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, அதன் தலையிலே இன்னொரு சுமை! கருப்பை இறங்கிய பெண்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் இதை விளையாட்டாகக் கருதமாட்டார்கள். மூச்சு முட்டக்கூடாது, தூங்கும்போது கழற்றவேண்டும், தையலில் சீழோ சிவப்போ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அழகுக்குக் கட்டும் கச்சை வேறு, ஆறுதலுக்குக் கட்டும் கச்சை வேறு. நாம் பேசுவது பின்னதை.

பேட்டர்ன் மாஸ்டர் அன்றிரவே துணி வெட்டினார். அடுத்த சில வாரங்களிலே நான்கு மாதிரிகள் பிறந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம்.

முதல் மாதிரியை ஊர்ச் சரக்கிலேயே செய்தார். பனியன் துணி, இரண்டு மடிப்பு. கட்டியவுடன் இதமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தொளதொளவென்று தொங்கிற்று. வட்டப் பின்னல் இயந்திரத்திலே வரும் வெறும் பருத்தித் துணி இழுத்தால் நீளும், விட்டால் முழுதும் திரும்பாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: துணியிலே பத்து சென்டிமீட்டருக்கு இரண்டு புள்ளி வையுங்கள், நன்றாக இழுத்துச் சற்று நேரம் பிடியுங்கள், விடுங்கள். பத்தரையிலே நின்றால் அது கச்சைக்கு ஆகாது. திரும்பி வருகிற குணத்துக்கு ஸ்பான்டெக்ஸ் வேண்டும். 1958இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழை அது. லைக்ரா என்ற பெயரிலே நம் தோழர்கள் எல்லோருக்கும் பழக்கம். நூற்றுக்கு ஐந்து பங்கு லைக்ரா கலந்த பருத்தித் துணி திருப்பூரிலே தினம் ஓடுகிறது. பனியனுக்கு அது போதும், கச்சைக்குப் போதாது. பன்மடங்கு வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் பவர்நெட் என்கிற வலைத் துணி வேறுவகைப் பின்னல், வார்ப் பின்னல். அது சூரத்திலிருந்து வரவேண்டும், அல்லது கப்பலில் வரவேண்டும். பருத்தியிலே கொடிகட்டிப் பறக்கும் ஊர், செயற்கை இழையிலே இன்னும் தவழ்கிறது என்பது கசப்பான உண்மை. வெளிநாட்டு வியாபாரிகளும் இதைத்தான் சொல்லிக் குறைப்படுகிறார்கள்.

இரண்டாம் மாதிரிக்கு வலையைத் தேடிப் போகவில்லை, எலாஸ்டிக்குக்குப் போனார். எலாஸ்டிக் நெய்யும் கூடங்கள் ஊரிலேயே நிறைய உண்டு. ஆறு அங்குல அகல எலாஸ்டிக் இரண்டைச் சேர்த்துத் தைத்தார். பிடி என்றால் பிடி! ஆனால் உள்ளே காற்றுப் புகவில்லை, மேல் விளிம்பு உட்காரும்போதெல்லாம் சுருண்டது. கடைப் பெல்ட்டின் அதே நோய். ஏன் சுருள்கிறது? பட்டை நேராக இருக்கிறது, வயிறு நேராக இல்லை! பானைக்கு நேர்ப்பட்டை கட்டினால் மேலேறாமல் என்ன செய்யும்? இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே இழுப்பை மெலிந்த கம்பத்திலும் கட்டுங்கள், பெரிய பீப்பாயிலும் கட்டுங்கள். கம்பத்திலே அழுத்தம் கூடும், பீப்பாயிலே குறையும். வளைவு சிறுத்தால் அழுத்தம் பெருக்கும். ஆகவே மெலிந்தவளுக்கும் பருத்தவளுக்கும் ஒரே எலாஸ்டிக்கை நீளம் மட்டும் மாற்றி வெட்டினால் ஒருத்திக்கு வலிக்கும், ஒருத்திக்கு ஒன்றும் செய்யாது. துருத்திய இடுப்பெலும்பிலேதான் முதலிலே தழும்பு விழும். அளவு என்றால் நீளம் மட்டுமல்ல என்று மாஸ்டர் அன்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் மாதிரியிலே முகம் தெரிந்தது. பட்டையை ஐந்து துண்டாக வெட்டினார். முன்னே, தையலுக்கு நேராக, இழுக்காத மெல்லிய பருத்தி. பக்கத்துக்கொன்றாக எலாஸ்டிக். முதுகிலே இரண்டு துண்டு, சுருளாமல் நிற்க உள்ளே வளையும் பிளாஸ்டிக் குச்சி. கீழ் விளிம்பைத் தொடை மடிப்புக்கு ஏற்ப வளைத்தார். உள்ளே முழுதும் பருத்தித் துணி, அதிலும் சாயம் போடாதது. சேர்ப்புத் தையலைத் தோழர் சிங்கரிலே போட்டுக் காட்டினார். மாஸ்டர் கட்டை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "மேடு தட்டுதுங்க தம்பி. அறுத்த புண்ணிலே உரசும். பேட்லாக் போடுங்க" என்றார். தோழர் முப்பதாயிரம் ஜட்டியாவது தைத்திருப்பார். தைக்கிற மேடு யார் தோலிலே எங்கே உரசும் என்று அவரை யாரும் இதுவரை கேட்டதில்லை!

மூடுவதற்கு என்ன போடுவது? ஒட்டுப்பட்டையே எளிது. 1941இல் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தம் நாயின் மயிரிலே ஒட்டிய காட்டு முள்காயைக் கண்டு யோசித்து, 1955இல் காப்புரிமை பெற்றது அது. நம் ஊர் நாயுருவி வேட்டியிலே ஒட்டுவதில்லையா, அதே வித்தை! ஒற்றைக் கையால் போடலாம், வயிறு வற்ற வற்ற இறுக்கம் மாற்றலாம். ஆனால் முள் பக்கம் உள்நோக்கி இருந்தால் சேலையைப் பிடிக்கும், பிள்ளையின் கன்னத்தைக் கீறும். அதைத் திருப்பி, ஓரத்தைத் துணியால் மூடித் தைத்தார். அதற்குப் பிறகுதான் எவரும் நினையாத ஒன்று வந்தது. அந்தச் சகோதரி நடு இரவிலே பெல்ட்டைக் கழற்றினாராம். "சர்ர்ர்" என்ற சத்தத்திலே பிள்ளை விழித்துக்கொண்டு வீல் என்று கத்த, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிவிட்டார்! பெரிய கம்பெனிகளின் வடிவமைப்பு அறையிலே பொம்மைக்குக் கட்டிப் பார்க்கிறார்கள். பொம்மைக்குப் பிள்ளை இல்லை.

நான்காம் மாதிரியிலே ஆகவே இரண்டு வகை. முதல் சில வாரத்துக்கு ஒட்டுப்பட்டை, பிறகு கொக்கியும் வளையமும் மூன்று வரிசை. பிரா தைப்பவர்களிடம் அந்தக் கொக்கி நாடா தாராளமாகக் கிடைக்கிறது.

இந்த இடத்திலே கோவைக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அருணாசலம் முருகானந்தம்! துணைவியார் மாதவிலக்குக்குப் பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு, மலிவு விலையிலே நாப்கின் செய்யப் புறப்பட்டவர். முதலிலே பருத்தியைக் கொண்டு செய்தார், தோற்றார். அணிந்து பார்த்துச் சொல்லப் பெண்கள் வெட்கப்பட்டார்கள். என்ன செய்தார்? கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையிலே ஆட்டு இரத்தத்தை நிரப்பி, தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார்! ஊர் பைத்தியம் என்றது, வீட்டார் விலகிச் சென்றார்கள். கம்பெனிகள் பயன்படுத்துவது பருத்தியல்ல, மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. கோடிக்கணக்கிலே விலை சொன்ன இயந்திரத்துக்கு மாறாக, சில பத்தாயிரங்களிலே முடியும் சிறு இயந்திரத்தைச் செய்து, பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. தோழர்கள் அவருடைய இரப்பர்ப் பையை நினைத்துச் சிரிப்பார்கள், நமக்கோ வேறொன்று உறைத்தது. அணிந்தவள் வாய் திறந்து சொல்ல முடியாத ஊரிலே, அவளுக்கான பொருளைச் செய்ய ஓர் ஆண்மகன் ஆட்டு இரத்தத்தைத் தேடிப் போகவேண்டி வந்ததே! அந்த வெட்கத்துக்கு எத்தனை ஆண்டு வீணாயிற்று!

சரி, மாதிரி கிடைத்துவிட்டது. சரக்காக்குவது எப்படி? அங்கேதான் சுவர். எலாஸ்டிக் கூடத்துக்காரர், நாம் கேட்கும் மென்மையிலே, கேட்கும் அகலத்திலே ஓட்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கிலே மீட்டர் எடுங்கள் என்கிறார். குறை சொல்ல முடியாது, இருபது பெல்ட்டுக்காக அவர் தறியை மாற்றி மாட்டுவாரா? லைக்ரா துணியை 190 டிகிரி அளவிலே சூடேற்றி நிலைநிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் துவைத்ததும் சுருங்கும். அந்த இயந்திரமும் ஐம்பது கிலோவுக்காக ஓடாது. தைத்தபின் முறிந்த ஊசித் துணுக்கு உள்ளே கிடக்கிறதா என்று ஊசி காட்டும் கருவியிலே விட்டு எடுக்கவேண்டும். குழந்தைச் சட்டைக்குச் செய்கிறோம், தாய்க்கும் செய்யத்தான் வேண்டும். பலமுறை துவைத்தபின் இறுக்கம் எவ்வளவு எஞ்சுகிறது, வியர்வையிலே தோல் கெடுகிறதா என்று சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். அதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 1956இல் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் கோவையிலே இருக்கிறது, மருத்துவ ஜவுளிக்கென்றே அங்கே தனி மையமும் இருக்கிறது. அறிவு ஐம்பது கிலோமீட்டரிலே கிடைக்கிறது. ஆர்டர்தான் எங்கும் கிடைக்கவில்லை!

யார் ஆர்டர் கொடுப்பது? வெளிநாட்டு வியாபாரி கொடுப்பான், கொடுத்தால் அது கப்பல் ஏறும். பெயர்பெற்ற ஒன்று அங்கே 50 டாலருக்கு மேல் விற்கிறது. ஏறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 ஆகஸ்டிலே அமெரிக்கா நம் சரக்கின்மீது 50 சதவிகிதம் வரி போட்டபோது, திருப்பூரிலே எத்தனை கம்பெனியிலே ஷிப்டு குறைந்தது, எத்தனை தோழர் வாரக் கூலியை எண்ணிப் பெருமூச்சு விட்டார் என்பது நமக்குத் தெரியும். டீசர்ட் ஒன்றையே நம்பிய ஊர், அன்று ஒரு கையெழுத்துக்கு அஞ்சிற்று. புதுச் சரக்கு எதுவானாலும் தொழிலுக்கு நல்லதே. ஆனால் அந்த லைன் வீட்டுச் சகோதரிக்குக் கப்பல் சரக்கால் என்ன பயன்?

அரசு கொடுக்கட்டும் ஆர்டரை! புதுமையான கோரிக்கையா? இல்லை. பொங்கல் வேட்டி சேலையை 1983 முதல் அரசு வாங்கித் தரவில்லையா? விசைத்தறிகள் அதனாலே ஓடவில்லையா? அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994இலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்துவிட்டது. இந்தியாவிலே பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. தாய்க்குப் பணம் தரும் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். 2006இல் 6,000 ஆகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் ஏறிய உதவி. 2015இல் அரசு மருத்துவமனையிலே பிறக்கும் குழந்தைக்குப் பதினாறு பொருள் கொண்ட பெட்டகம் என்று தொடங்கினார்கள். துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை என்று அடுக்கி, தாய்க்கென்று ஒரு சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் வைத்தார்கள். நல்ல காரியம், யார் செய்தாலும் நல்ல காரியமே. ஆனால் அங்கேயும் பாருங்கள், தொட்டிலுக்குத்தான் பங்கு அதிகம்!

கணக்குப் போடுவோம். 2023இல் தமிழ்நாட்டிலே பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 9 இலட்சம். பாதிக்கு மேல் அரசு மருத்துவமனைகளிலே. அவர்களிலே அறுவை செய்தவர்களுக்கு மட்டும், துவைத்து மாற்றிக் கட்ட ஆளுக்கு இரண்டு என்று வைத்தாலும், ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்குக் குறையாது. எலாஸ்டிக் கூடம் தறியை மாற்றி மாட்ட அது போதும். பெரிய கம்பெனிகளுக்கு அது சில நாள் வேலை. அவர்களிடம் போகவேண்டாம் என்பது நம் எண்ணம். இருபது மெஷின் வைத்திருக்கும் பவர் டேபிள்காரருக்கும், பெண்கள் குழுவுக்கும் பிரித்துக் கொடுத்தால் ஆண்டு முழுதும் அடுப்பு எரியும். கூடவே, எப்போது கட்டுவது, எப்போது கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்று செவிலியர் ஒருமுறை கட்டிக் காட்டவேண்டும். தாள் அச்சிட்டு உள்ளே வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு பயம் நமக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். "கச்சை கட்டியாயிற்றல்லவா, இடுப்பு நிற்கிறதல்லவா, வா வேலைக்கு!" என்று நாளைக்கே சூப்பர்வைசர் கூப்பிடுவார். மகப்பேற்று விடுமுறை 1961 சட்டத்திலே 12 வாரம், 2017 திருத்தத்திலே முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவளுக்கு அந்த வாரங்களுக்கு ஊதியமும் உண்டு, 70 நாள் பங்களிப்புக் கட்டியிருந்தால். கட்டியிருந்தால்! அந்தச் சகோதரியிடம் கேட்டோம். பீஸ் ரேட்டு, காண்ட்ராக்டர் கீழே வேலை, பெயர் ஒரு பதிவேட்டிலும் இல்லை. மூத்த பிள்ளை பிறந்த 45ஆம் நாளே செக்கிங் மேசைக்குத் திரும்பினாராம், பத்து மணி நேரம் நின்றபடி. "நின்னா இரத்தம் போகும்ணே. யாருகிட்டச் சொல்ல?" என்றார். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது! பஞ்சப்படிக்குப் பேசிய சங்கங்கள் பெற்றவளின் 26 வாரத்துக்கும் அதே தொண்டையால் பேசவேண்டும். பெயர் பதிவேட்டில் ஏறட்டும், பிறகு பெல்ட் இடுப்பில் ஏறட்டும். கச்சை ஆறு வாரத்துக்கு, விடுமுறை ஆறு மாதத்துக்கு. ஒன்றைக் காட்டி ஒன்றைப் பறிக்க விடக்கூடாது.

நான்காம் மாதிரியைக் கட்டிப் பார்த்தபோது நாம் அங்கே இருந்தோம். மாஸ்டரும் வந்திருந்தார், வெளித்திண்ணையிலே தயங்கி நின்றார். உள்ளேயிருந்து சகோதரி குரல் கொடுத்தார்: "அண்ணே, சுருளலை. குனிஞ்சா குத்தலை. ஆனா வாயை நடுவிலே வைச்சிட்டீங்களே! இடக்கையிலே பிள்ளை இருக்கும், வலக்கைதான் சும்மா இருக்கும். திறக்கிற வாய் வலப்பக்கம் வரணும்ணே."

மாஸ்டர் காதிலே செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்தார். திண்ணையிலேயே அட்டையை விரித்து, நடுக்கோட்டை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, வலப்பக்கம் மூன்றரை அங்குலம் தள்ளிப் புதுக்கோடு போட்டார்.